எழுபத்துநான்கு சதவீதம்

எங்கள் சர்வீஸ் சென்டரில் வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் அறைக்கு நல்ல நாற்காலிகள் வாங்கிப் போட்டது நான்தான். முன்பு இருந்தவை பிளாஸ்டிக். அரை மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும். வண்டியில் கோளாறு என்று வருகிறவர் ஏற்கெனவே நொந்துபோய் வருகிறார், அவர் இடுப்பையும் ஏன் நோகடிக்க வேண்டும் என்று மேலிடத்தில் பேசி, மெத்தை வைத்த நாற்காலிகளாக மாற்ற வைத்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் என்னைப் பற்றித் தெரிந்துகொண்டதெல்லாம் இந்த ஒரு வாரத்தில். அதற்கு முன்னாலும் நான் இருந்தேன்.

மின்சாரக் கார்களின் பேட்டரிப் பிரிவுக்கு நான் பொறுப்பு. பேட்டரி என்பது ஓட ஓடக் குறைகிற பொருள். புதிதில் எவ்வளவு மின்சாரம் பிடித்ததோ அவ்வளவு பிறகு பிடிக்காது. அதனால் கம்பெனி வண்டியை விற்கும்போதே ஒரு வாக்குக் கொடுக்கிறது. எட்டு வருடத்துக்குள் கொள்ளளவு எழுபது சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் புது பேட்டரி இலவசம். எழுபத்தொன்று காட்டினால் ஒன்றும் கிடையாது. அறுபத்தொன்பது காட்டினால் உண்டு. லேப்டாப்பை வண்டியில் மாட்டி, வருகிற எண்ணைப் பார்த்துச் சொல்வது என் வேலை.

எண்ணைச் சொல்லும்போது எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். வேலையில் சேரும்போது இதை யாரும் சொல்வதில்லை. கடன் வாங்கி வண்டி எடுத்தவர், பெண்ணைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் விடுகிறவர், வாடகைக்கு ஓட்டுகிறவர், எல்லோரும் பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி நிற்பார்கள். 'இல்லை' என்று ஒருவர் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. என் மனைவி அதைச் சொல்லிச் சிரிப்பாள். கடைக்காரர் அழுகிய காயைக் கொடுத்தாலும் வாங்கி வந்துவிடுவேன் என்பாள்.

மறுபக்கம் தலைமை அலுவலகம். எங்கள் கிளையிலிருந்து இலவச பேட்டரி அதிகம் போகிறது என்று அங்கிருந்த மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார். திட்டவில்லை. "என்னப்பா, உங்க பக்கத்து வண்டிக்கு மட்டும் அப்படி என்ன வியாதி?" என்று சிரித்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சிரிக்கிறவரிடமும் 'இல்லை' என்று சொல்ல எனக்கு வராது.

வழி என் லேப்டாப்பிலேயே இருந்தது. எந்த பேட்டரியையும் விளிம்பு வரை நிரப்ப மாட்டார்கள். ஓர் அளவில் கோடு போட்டு நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல் இருக்கிற இடம் பாதுகாப்புக்கு. சோதனைக்கூடத்தில் மட்டும் அந்தக் கோட்டை உயர்த்திப் பார்க்கலாம். உயர்த்தினால் அதே பழைய பேட்டரி கூடுதலாகப் பிடிக்கும். அறுபத்தாறு காட்டிய வண்டி எழுபத்துநான்கு காட்டும். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அது பொய் எண் இல்லை. வண்டி உண்மையாகவே அதிக தூரம் ஓடும். வந்தவர் சிரித்துக்கொண்டு போவார், மேலாளரும் சந்தோஷப்படுவார். யாருக்கும் எதையும் மறுக்காமல் ஒரு காரியம் நடக்கிறது என்றால் அதில் தவறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க நேரமாகும்.

கோட்டை உயர்த்தினால் வேறென்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். பயிற்சியின்போது ஒரு நாள் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். படம் கூடப் போட்டுக் காட்டினார்கள்.

டெய்லரம்மா வந்தது அப்படிச் சில வண்டிகளுக்கு நான் செய்து முடித்த பிறகு. ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிறவர். கழுத்தில் அளவு நாடாவோடுதான் எங்கேயும் போவார், எடுத்துவைக்க மறந்துவிடுவதாகச் சொல்வார். அவர் கணவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் பக்கத்து ஊருக்குக் கூட்டிப் போய் உடற்பயிற்சி சிகிச்சை கொடுத்துக் கூட்டி வர வேண்டும். முன்பெல்லாம் வீட்டில் சார்ஜ் போட்டுக் கிளம்பினால் போய்த் திரும்பிவிடும் வண்டி, இப்போது பாதி வழியில் நின்று சார்ஜ் ஏற்ற வேண்டியிருந்தது.

அவர் வாடிக்கையாளர் அறையில் பேசவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"காத்துக்கிட்டு உக்காந்திருக்கும்போது அவரால அடக்க முடியலப்பா. உக்காந்த இடத்துலயே போயிடறாரு. நான் கழுவிடுவேன், எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா அப்புறம் ரெண்டு நாள் என்கூடப் பேசமாட்டேங்கறாரு. அம்பது பேர வச்சு மலையில பஸ் ஓட்டுன மனுஷன். எப்படியாவது நடுவுல நிக்காம போயிட்டு வர்ற மாதிரி செஞ்சு குடு."

லேப்டாப்பை மாட்டினேன். அறுபத்தாறு. எட்டு வருடம் முடிய இன்னும் நான்கைந்து மாதம் இருந்தது. சட்டப்படி அவருக்குப் புது பேட்டரி சேர வேண்டும். அந்த எண்ணை அப்படியே அனுப்பியிருந்தால் வேலை முடிந்தது. ஆனால் மேலாளர் அந்த மாதம்தான் எங்கள் கிளையை மற்றக் கிளைகளுக்கு உதாரணமாகச் சொல்லியிருந்தார். அதுவும் தவிர, புது பேட்டரி வர ஒரு மாதம் ஆகும். அதுவரை அந்த மனிதர் இன்னும் எத்தனை தடவை நனைய வேண்டும்? நான் கோட்டை உயர்த்தினேன். எழுபத்துநான்கு என்று சொன்னேன். கேரண்டியில் வராது, ஆனால் சரிசெய்து கொடுத்திருக்கிறேன், ஓட்டிப் பாருங்கள் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். நடுவில் நிற்காமல் போய்த் திரும்பினார்களாம். அவர் கணவர் வழியெல்லாம் எதிரே வந்த லாரிகளைக் குறை சொல்லிக்கொண்டே வந்தாராம். அதைச் சொல்லும்போது டெய்லரம்மாவின் கண் கலங்கியது. ஒரு சட்டை தைத்துக் கொண்டுவந்திருந்தார். அளவு எடுக்கவே இல்லை, பார்வையிலேயே கணித்திருக்கிறார். தோள்பட்டை அவ்வளவு சரியாகப் பொருந்திய சட்டை எனக்கு அதற்கு முன் அமைந்ததில்லை.

எங்கள் பட்டறையில் ஒரு பெண் மெக்கானிக் இருக்கிறாள். எப்போதும் கையில் மீட்டரோடு அலைவதால் எல்லோரும் அவளை மீட்டர் என்றே கூப்பிடுவோம். உங்களிடம் வந்து பேசியது அவள்தான் என்று எனக்குத் தெரியும். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. வேலை தெரிந்த பெண்.

டெய்லரம்மா வண்டியைச் செய்து கொடுத்து மூன்று நான்கு மாதம் ஆனபோது, நான் கோடு உயர்த்திய ஒரு வாடகைக் கார் வேறு ஏதோ வேலைக்காக உள்ளே வந்தது. மீட்டர் அடியில் இருந்த மூடியைக் கழற்றினாள். உள்ளே பேட்டரியின் செல்கள் உப்பி, மூடியை முட்டிக்கொண்டிருந்தன. அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அன்றே அந்த வண்டிக்குப் புது பேட்டரிக்கு எழுதி, வேறொரு வண்டிக்கு வந்திருந்ததை எடுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆபத்து என்று கண்ணால் பார்த்ததும் நான் சும்மா இருக்கவில்லை.

மீட்டர் கேட்டாள், "மத்த வண்டியெல்லாம் கூப்பிட்டுறலாமா சார்? டெய்லரம்மா வண்டி கூட?"

"அடுத்த வாரம் பாக்கலாம்" என்றேன்.

அடுத்த வாரம் அவளை பெயின்ட் பிரிவுக்கு மாற்றினேன். அங்கே ஆள் குறைவாக இருந்தது உண்மைதான்.

ஏன் கூப்பிடவில்லை என்று நேற்று இரண்டு முறை கேட்டீர்கள். சொல்கிறேன். கூப்பிட்டுக் கோட்டைப் பழைய இடத்துக்கு இறக்கினால் டெய்லரம்மாவின் வண்டி மறுபடி அறுபத்தாறு காட்டும். வழியில் நிற்கும். அவர் திரும்பி வருவார். எட்டு வருடம் முடியாத வண்டி, எழுபதுக்குக் கீழே, புது பேட்டரி கொடுத்தே ஆக வேண்டும். அப்போது நடுவில் எழுபத்துநான்கு எப்படி வந்தது என்று தலைமை அலுவலகத்தில் யாராவது கேட்பார்கள். எட்டு வருடம் முடிந்த பிறகு இறக்கினால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். வண்டிக்கு வயதாகிவிட்டதம்மா என்று சொன்னால் போதும். இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. மூன்று வாரம் என்பது பெரிய காலமில்லை என்று எனக்குப் பட்டது. இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன், அதிலே கணக்குப் பிழை ஒன்றும் இல்லை. பெரும்பாலும் ஒன்றும் ஆகாமல்தான் போயிருக்கும்.

அந்த மூன்று வாரத்தின் நடுவில் டெய்லரம்மா போன் செய்தார். சார்ஜ் ஏறும்போது வண்டியிலிருந்து ஒரு வாசனை வருகிறதாம். கெட்ட நாற்றம் இல்லையாம், தித்திப்பாக, நகத்துக்குப் போடுகிற பாலிஷ் மாதிரி இருக்கிறதாம்.

அந்த வாசனை என்ன என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். உள்ளே இருக்கிற திரவம் கசிகிறது என்று அர்த்தம்.

வண்டியை எங்கே நிறுத்தி சார்ஜ் போடுகிறீர்கள் என்று கேட்டேன். வாசலுக்கு வெளியே, தெரு ஓரமாக, வெயிலில் என்றார். "வெயில்ல சூடாகுதும்மா, அதான் வாசனை. உள்ள நிழல்ல விட்டு சார்ஜ் போடுங்க" என்றேன். சூடு குறைந்தால் மூன்று வாரம் தாங்கும் என்பது என் எண்ணம். நல்ல யோசனைதான். சூடு பேட்டரிக்கு ஆகாது என்பது யாரும் மறுக்க முடியாத விஷயம்.

"சரிப்பா, நீ சொன்னா சரி" என்றார்.

அவர்கள் வீட்டு போர்ட்டிகோ, கணவர் படுத்திருக்கும் முன்னறையை ஒட்டி இருந்தது. அறையின் ஜன்னல் போர்ட்டிகோவைப் பார்த்துத் திறக்கும். அவர் அங்கிருந்தபடியே தெருவில் போகிற வண்டிகளைப் பார்ப்பாராம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. டெய்லரம்மா பின்கட்டில் மிஷினில் உட்கார்ந்திருந்தார். பேட்டரி பற்றிக்கொண்டால் விறகு மாதிரி மெல்லப் பற்றாது. பக்கத்து வீட்டார் சொன்னது, அவர் பின்வாசல் வழியாக வெளியே ஓடி வந்துவிட்டார், பிறகு திரும்பி உள்ளே போனார் என்று. முன்னறையின் கதவருகில் இரண்டு பேரையும் எடுத்தார்கள். கட்டிலிலிருந்து கதவு வரை கணவரை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அவர் கனமான மனிதர்.

சாவுக்கு நான் போனேன். அவர் தைத்துக் கொடுத்த சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனேன். மரியாதைக்காக. அவரிடம் வேலை பழகிய ஒரு பெண் என் காலர் தையலைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

மறுநாள் கம்பெனி சார்பில் எரிந்த வண்டியைப் பார்க்க என்னைத்தான் அனுப்பினார்கள். அந்த வட்டாரத்தில் பேட்டரி தெரிந்தவன் நான்தான். தீயணைப்பு அதிகாரியும் டெய்லரம்மாவின் ஒரே மகனும் இருந்தார்கள். பின் இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கும். கோடு எங்கே இருக்கிறது என்பது அதில்தான் பதிந்திருக்கும். கருகியிருந்தது, ஆனால் உள்ளே படிக்க முடியலாம். ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லி எடுத்துக்கொண்டேன். பட்டறையில் உடைந்த பேட்டரிகளை நொறுக்க அனுப்பும் தொட்டியில் போட்டேன்.

பிறகு சார்ஜ் போடும் பிளக்கைப் பார்த்தேன். மகன் எலக்ட்ரீஷியன். அம்மாவுக்காக அந்த லைனை அவனே இழுத்திருந்தான். வேலை அவ்வளவு சுத்தம். தடிமனான வயர், தனி சுவிட்ச், சரியான எர்த். என் வீட்டுக்கு அப்படி ஒருவன் கிடைத்தால் விடமாட்டேன்.

அவன் என் பக்கத்தில் வந்து நின்றான். இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

"நான் இழுத்த லைன்ல ஏதாவது இருக்கா சார்?"

அவன் கேட்காமல் இருந்திருந்தால் எனக்குத் தோன்றியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். அவனாகவே கேட்டான். அதிகாரியும் என்னைப் பார்த்தார். கேட்கிறவனுக்கு ஏதாவது ஒரு பதில் வேண்டும். காரணம் தெரியாமல் தவிப்பதைவிட ஏதோ ஒரு காரணம் நல்லது.

"வயர் சூடாயிருக்கு தம்பி" என்றேன். "கார் இழுக்கற லோடு வேற. உனக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல. உன்மேல தப்பு சொல்ல மாட்டேன்."

அவன் தலையை ஆட்டினான். நன்றி சார் என்றான். அப்படியே நடந்து போய்த் தெருமுனையில் உட்கார்ந்துவிட்டான். அதிகாரி என் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டார். வழக்குப் போட ஆள் யாரும் இல்லை. தன்மேலேயே யார் வழக்குப் போடுவார்கள்.

அதற்குப் பிறகு நான் அவனைக் கைவிட்டிருக்கலாம். இந்த இடத்தில் நிறையப் பேர் கைவிட்டிருப்பார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் வீட்டுக்குப் போனேன். பழம் வாங்கிப் போவேன். அவன் தொழிலை விட்டுவிட்டான். யார் வீட்டிலும் ஒரு பல்பு கூட மாட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டான். இதுவரை அவன் வேலை செய்த வீடுகளுக்கெல்லாம் போய், லைனைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள், என்னை நம்பாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தான். சிலர் பாவம் என்றார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். பிறகு தன் வீட்டு மெயினை அணைத்தான். வயர்களை எல்லாம் சுவரிலிருந்து உருவி எடுத்து முற்றத்தில் சுருட்டி வைத்தான். அவனுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அதைத் தூக்க மாட்டேன் என்றான். என் கை பட்டால் ஏதாவது ஆகிவிடும் என்றான். அவன் மனைவி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் குழந்தையை எடுத்துக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. இருட்டு வீட்டில் எத்தனை நாள் குழந்தையை வைத்திருப்பாள்? நான் ஒரு எமர்ஜென்சி விளக்கு வாங்கிக் கொடுத்தேன். அதை அவன் தொடவில்லை, நானே வாசல்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஒவ்வொரு ஞாயிறும் அவன் ஒரே கேள்வியைக் கேட்பான். எந்த வயர் போட்டிருந்தால் அம்மா பிழைத்திருப்பாள் என்று. நான் சலிக்காமல் விளக்குவேன். எவ்வளவு தடிமன், எந்த இடத்தில் இணைப்பு, எப்படிச் சூடு ஏறும் என்று தரையில் கோடு போட்டுக் காட்டுவேன். அவன் சின்னப் பையன் மாதிரி கவனமாகக் கேட்பான். ஒருநாள், "இவ்வளவு பொறுமையா சொல்றீங்களே சார், நீங்க இல்லன்னா நான் பைத்தியமா போயிருப்பேன்" என்றான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் நெகிழ்ந்துபோனாள்.

மற்ற வண்டிகளைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த ஆட்களின் முகம் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவ்வப்போது நானே போன் செய்து விசாரிப்பேன். வண்டி நன்றாக ஓடுகிறதா, ஏதாவது வாசனை வருகிறதா என்று. இவ்வளவு அக்கறையான சர்வீஸ் சென்டரைப் பார்த்ததில்லை என்பார்கள். கேரண்டி முடிந்த வண்டிகளில் உடனே கோட்டை இறக்கிவிட்டேன். முடியாத வண்டிகளில் இறக்கவில்லை. போன மாதம் எரிந்த இரண்டாவது வண்டி அப்படி முடியாத ஒன்று. காலி மைதானத்தில் நின்றிருந்ததால் ஆளுக்குச் சேதமில்லை. அங்கேயும் வயரிங் என்று எழுதினேன். அந்த வண்டி சார்ஜிலேயே இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. மீட்டர் கவனித்துவிட்டாள். இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற வண்டிகள் எவை என்று அவளிடமே சொல்லிவிட்டேன், அவள் வரவழைத்துக்கொண்டிருப்பாள்.

டெய்லரம்மாவும் அவர் கணவரும் நான் உயர்த்திய கோட்டால் செத்தார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். கோடு என்று எழுத வேண்டாம், பெயரைச் சொல் என்கிறீர்கள். சரி. நான்தான். வாசனை என்ன என்று தெரிந்தும், வண்டியை வீட்டுக்குள் விடச் சொன்னதும் நான்தான். அந்த லைனில் ஒரு குற்றமும் இல்லை. எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம். டெய்லரம்மா மகனை இங்கே கூட்டி வந்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள், கண்ணாடி வழியாகத் தெரிகிறது. அவனிடம் நீங்கள் இதைச் சொல்ல வேண்டாம். உங்களுக்கு அவனைத் தெரியாது, பட்டென்று போட்டு உடைத்துவிடுவீர்கள், அவன் தாங்க மாட்டான். என்னை ஐந்து நிமிடம் அவனோடு விடுங்கள், நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். அம்மா போன பிறகு அவனுக்கென்று இருப்பது நான் ஒருவன்தானே.